சாட்டைக்கு முன்னே சென்ற சொல்

விடுதலை, சமத்துவம், தோழமை என்னும் மூன்று சொற்களை உலகுக்கு வழங்கிய நாடு பிரான்சு. மன்னன் முடியை மண்ணில் உருட்டிய நாடு. 1789-ஆம் ஆண்டிலேயே மனித உரிமைகளைப் பட்டயமாக எழுதிய நாடு. மதகுருமாரின் பிடியிலிருந்து பள்ளிக்கூடத்தை மீட்ட நாடு. வால்தேரையும் ரூசோவையும் பயின்றபின் அந்நாட்டின்மீது பற்றுக் கொள்ளாத சீர்திருத்தவாதிகள் அரியர். நமக்கும் அப்பற்று உண்டு.

அந்த நாட்டின் படைதான் அல்ஜீரியாவில் குகைக்குள் ஒளிந்த குடும்பங்களைப் புகையிட்டுக் கொன்றது. அந்த நாட்டின் நிருவாகந்தான் காங்கோவில் இருப்புப் பாதை அமைக்க ஆயிரமாயிரம் ஆப்பிரிக்கரைக் காட்டிலும் மலையிலும் மடியவிட்டது. 1947-இல் மடகாஸ்கரில் எழுந்த கிளர்ச்சியைப் பல்லாயிரவர் உயிரைக் குடித்து அடக்கியதும் அதுவே. 1961 அக்டோபர் 17 அன்று, ஊரடங்கு உத்தரவை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியரைப் போலீசார் அடித்தும் சுட்டும் சேன் ஆற்றில் தள்ளியும் கொன்றனர். அது நடந்தது எங்கோ ஒரு பாலைவனத்தில் அன்று. பாரிசு மாநகரின் நடுவிலே.

இஃது எவ்வாறு நேர்ந்தது? வழக்கமாக இரண்டு விடைகள் கூறப்படும். சில முரடர்கள் அத்துமீறினர் என்பது ஒன்று. ஆட்சி என்றாலே அடக்குமுறைதான், எல்லா நாடுகளும் இதைத்தான் செய்தன என்பது மற்றொன்று. முதல் விடை ஆட்சியைத் தப்பவிடுகிறது. இரண்டாவது விடை எல்லாரையுமே தப்பவிடுகிறது. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

நாம் சொல்வது இது: சாட்டை உயர்வதற்கு முன்பே ஒரு சொல் உயர்ந்தது. அடிக்கப்படுபவனைப் பற்றிய ஒரு கருத்து முதலில் பிறந்து, வளர்ந்து, ஊரெங்கும் உலவி, நல்லவர் நெஞ்சிலும் குடியேறிய பின்னரே சாட்டைக்கு வேலை வந்தது. அந்தச் சொல்லை வடித்தவர் சிப்பாய்கள் அல்லர். சிந்தனையாளர், சட்டசபை உறுப்பினர், மருத்துவர், நாவலாசிரியர். ஆகவே, இது படை வரலாறு எழுதுவோருக்கு மட்டும் உரிய பொருளன்று. நூல்களை எடைபோடுவோரும் பதில் கூறக் கடமைப்பட்ட பொருள். சில நூல்களையும் சில உரைகளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்.

‘ஆயினும்’ என்ற சொல்

முதற் சாட்சி அலெக்சி தெ தொக்வில். அமெரிக்க மக்களாட்சியைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றளவும் அரசியல் மாணவர்க்குப் பாடம். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தவர். கொடியவர் என்று அவரை எவரும் கூறார். பிரான்சு 1830-இல் அல்ஜியர்சைக் கைப்பற்றியது. 1841-இல் தொக்வில் அங்குச் சென்றார். திரும்பி வந்து தம் எண்ணங்களை எழுதி வைத்தார். பிரெஞ்சுப் படையினர் அராபியரைவிடக் காட்டுமிராண்டித்தனமாகப் போர் புரிகின்றனர் என்பதை அவர் அதில் மறைக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, விளைந்த பயிரைக் கொளுத்துவதும், தானியக் குழிகளைக் காலி செய்வதும், ஆயுதமற்ற ஆடவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் சிறைபிடிப்பதும் வருந்தத்தக்கவையாயினும் தவிர்க்க முடியாதவை என்று கூறி அமைகிறார்.

கண் இருந்தது, கண்டது. நெஞ்சு இருந்தது, வருந்தியது. பிறகு ‘ஆயினும்’ என்று ஒரு சொல் வந்தது. அந்த ஒரு சொல்லின்மேல் ஏறிக்கொண்டுதான் படை அல்ஜீரியா முழுதும் நடந்தது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1845 ஜூன் திங்களில், தாரா மலைப்பகுதியில், உலெத் ரியா என்னும் குலத்தார் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக, ஆடுமாடுகளோடு குகைகளில் அடைக்கலம் புகுந்தனர். கர்னல் பெலிசியே குகை வாயில்களில் விறகடுக்கித் தீ மூட்டச் செய்தார். விடிந்தபோது பல நூறு பேர் மூச்சடைத்து மாண்டு கிடந்தனர். பாரிசில் மேலவையில் கண்டனம் எழுந்தது. ஆளுநர் புகோவோ தம் அதிகாரியைத் தாங்கிப் பேசினார். பெலிசியேவுக்குக் கிடைத்தது என்ன? பின்னாளில் மார்ஷல் பட்டம். 1860-இல் அதே அல்ஜீரியாவுக்கு ஆளுநர் பதவி! கண்டனம் ஏட்டில் நின்றது. பட்டம் மார்பில் தொங்கியது.

பள்ளியைத் திறந்த கை

இரண்டாம் சாட்சியை நினைக்கும்போது நம் மனம் இன்னும் சங்கடப்படுகிறது. ஏனெனில், அவர் நாம் போற்றும் கொள்கைகளின் தோழர். பெயர் ஜூல் ஃபெரி. பிரெஞ்சுப் பிள்ளைகள் அனைவர்க்கும் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியவர்; கட்டாயமாக்கியவர்; மதச் சார்பற்றதாக்கியவர். இத்தகைய அமைச்சர் ஒருவர் நமக்கு வாய்க்கமாட்டாரா என்று ஏங்கத்தக்கவர்.

அவர் தலைமையமைச்சராக இருந்த 1881-ஆம் ஆண்டின் கோடையைப் பாருங்கள். ஜூன் 16-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கும் சட்டம் வந்தது. ஜூலை 29-இல் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையே, ஜூன் 28-இல், மற்றொரு சட்டம் பிறந்தது. அதுதான் அல்ஜீரியாவின் சுதேசியர் சட்டம். அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினால் குற்றம்; அனுமதியின்றி ஊரைவிட்டு வெளியே சென்றால் குற்றம்; வரி கட்டத் தாமதித்தால் குற்றம். இவை ஒரு பிரெஞ்சுக்காரன் செய்தால் குற்றமல்ல. சுதேசி செய்தால் மட்டுமே குற்றம். அபராதமும் சிறையும் விதிக்க நீதிமன்றம் தேவையில்லை. நிருவாக அதிகாரியே போலீசார், அவரே நீதிபதி. இச்சட்டம் கொச்சின்சீனாவுக்கும் நியூ கலெடோனியாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் பரவிற்று. 1940-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. கட்டாய உழைப்பை ஒழிக்கும் சட்டமும் 1946-இல்தான் வந்தது.

ஒரே கோடை; ஒரே அரசு; ஒரே கையெழுத்து மை. பிரெஞ்சுப் பிள்ளைக்குப் புத்தகம். அல்ஜீரியத் தகப்பனுக்கு விலங்கு! இதில் முரண்பாடு இருப்பதாக ஃபெரி கருதினாரா? இல்லை. 1885 ஜூலை 28-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் அவர் தம் மனத்தைத் திறந்து வைத்தார். உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களின்மீது உரிமை உண்டு, ஏனெனில் அவர்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு என்பது அவர் வாதம். சில நாள்களுக்குள் கிளெமான்சோ அதே அவையில் எழுந்து, உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற பாகுபாட்டையே மறுத்துச் சாடினார். ஆகையால், அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எண்ணினர் என்று சொல்லித் தப்ப வழியில்லை. மறுத்தவர் இருந்தார், மறுப்பு அவையில் ஒலித்தது, ஆயினும் கப்பல்கள் புறப்பட்டன.

பகுத்தறிவாளர் நெஞ்சில் பதிய வேண்டிய பாடம் இது. கொடுமையெல்லாம் கோயிலிலிருந்தும் குருமாரிடமிருந்துமே வரும் என்று எண்ணிவிடலாகாது. அறிவின் பேராலும் வரும். கல்வியின் பேராலும் வரும். முன்னேற்றத்தின் பேராலும் வரும். ‘நான் அறிந்தவன், நீ அறியாதவன்’ என்பதுவரை அஃது ஆசிரியரின் பேச்சு. ‘ஆகவே நீ எனக்குக் கட்டுப்பட்டவன்’ என்று அடுத்த வரி வந்ததும் அஃது எசமானின் பேச்சாகிவிடுகிறது. குழந்தை என்று ஒரு மக்களினத்தைச் சொன்னவன் பிரம்பையும் உடனெடுத்து வந்துவிடுகிறான்.

புதுவையில் ஒரு செருப்பு

இம்மனத்தைக் காண அல்ஜீரியாவரை செல்ல வேண்டுவதில்லை. நம் புதுவையே பிரெஞ்சுக் கொடியின்கீழ் 1954 வரை இருந்த நகரந்தானே! 1873-இல் அங்கே பொன்னுத்தம்பி என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். நீதிபதிக்குப் பொறுக்கவில்லை. சட்டம் கற்றவன், சட்டம் பேச வந்தவன். ஆயினும் இவன் கால் இந்தியனின் கால்! வழக்குப் பாரிசின் உயர்நீதி மன்றம்வரை சென்றது, வழக்கறிஞரே வென்றார். செருப்பு யார் அணியலாம், யார் அணியலாகாது என்ற சட்டத்தைப் பன்னூறு ஆண்டுகளாகத் தெருவிலே கண்டுவந்த தமிழர்க்கு, அந்நீதிபதியின் சினம் புதிதாகத் தோன்றியிராது.

அதே 1881-ஆம் ஆண்டு வந்த ஓர் ஆணை, தம் பழைய குலவழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கும் வழியைப் புதுவையார்க்குத் திறந்தது. பொன்னுத்தம்பி அதை ஏற்று லாப்போர்த் என்ற குடும்பப்பெயரைப் பூண்டார். சாதியின் பிடியிலிருந்து விலகும் வாயிலாக அதைக் கண்ட எளியோரும் பலர். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அந்த வாயிலின் உயரத்தைக் கவனியுங்கள். சமத்துவம் வேண்டுமா? நீ நீயாக இராதே! மனிதனாகப் பிறந்ததற்காகக் கிடைக்க வேண்டியது, மாறியதற்கான பரிசாகவே கிடைத்தது.

மாறாதவனுக்கு என்ன கிடைத்தது? 1936 ஜூன் திங்களில் பிரான்சில் லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்க்கு வாரம் 40 மணி வேலையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் வழங்கிற்று. அடுத்த மாதம் 30-ஆம் நாள், உரிமை கேட்டு நின்ற புதுவை ஆலைத் தொழிலாளர்மீது குண்டு பாய்ந்தது. 12 பேர் மாண்டனர். பாரிசுத் தொழிலாளி தோழன். புதுவைத் தொழிலாளி யார்?

கண்டவர்கள் சொன்னது

பிரெஞ்சு இலக்கியம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாளாவிருந்ததா? இல்லை. 1921-இல் ‘பத்துவாலா’ என்ற நாவலுக்குக் கோன்கூர் பரிசு கிடைத்தது. எழுதியவர் ரெனே மரான். அப்பரிசை வென்ற முதற் கறுப்பர். அவரே குடியேற்ற நாட்டு நிருவாகத்தில் பணிபுரிந்த அதிகாரி. நூலின் முன்னுரையில், நாகரிகம் என்று ஐரோப்பா பெருமை பேசும் மாளிகை பிணங்களின்மீது எழுந்தது என்று சாடினார். பரிசு தந்த நாடு அவரைப் பதவியில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. நூலும் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் தடைக்குள்ளாயிற்று.

ஆறாண்டு கழித்து, 1927-இல், ஆந்திரே ழீத் தம் காங்கோப் பயண நூலை வெளியிட்டார். இரப்பர் சேகரிக்கும் கம்பெனி ஒன்று ஆப்பிரிக்கரை நடத்திய விதத்தை அந்நூல் உலகறியச் செய்தது. பம்பியோ என்ற ஊரில், குறித்த அளவு இரப்பர் கொண்டுவராத சிலரை, பெரிய மரக்கட்டைகளைச் சுமந்து கொதிக்கும் வெயிலில் கிடங்கைச் சுற்றிச்சுற்றி நடக்க வைத்தனர். விழுந்தால் சாட்டை எழுப்பும். மலோங்கே என்பவன் விழுந்தான், எழவே இல்லை. ழீத் அவன் பெயரை எழுதினார். அந்த ஒரு பெயருக்காகவே அந்நூலுக்குத் தலைவணங்கலாம். நாடாளுமன்றத்தில் விவாதமும் எழுந்தது.

ஆனால் திறனாய்வு தலைவணங்கியதோடு நின்றுவிடக் கூடாது. ழீத் கம்பெனியைக் குற்றஞ்சாட்டினார். கம்பெனியை அங்கு அமர்த்திய ஆட்சியைக் குற்றஞ்சாட்டவில்லை. நல்ல அதிகாரி வந்தால் எல்லாம் சீராகும் என்று நம்பினார். அவர் பயணம் செய்த அதே காலத்தில்தான் காங்கோவில் 510 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்கு நிருவாகமே ஆள்பிடித்துக் கொண்டிருந்தது. 1921 முதல் 1934 வரை நடந்த அவ்வேலையில் மாண்டவர் 15,000-க்குக் குறையார் என்பர் வரலாற்றாசிரியர். அங்கே ஆள்பிடித்தது பேராசைக் கம்பெனி அன்று, அரசே. ‘இது கொடுமை, ஆயினும் ஆட்சி நல்லது’ என்பது ழீத்தின் நிலை. தொக்விலின் ‘ஆயினும்’ எண்பது ஆண்டு கழித்தும் சாகவில்லை. சற்றுக் கண்ணீர் சிந்தக் கற்றுக்கொண்டது. அவ்வளவே.

பெயரில்லாதவன்

இனி, இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட ‘அந்நியன்’ நாவலை உலகம் கொண்டாடிற்று. தமிழ் வாசகர் பலரும் கொண்டாடினர். கதை எளிது. அல்ஜியர்சில் வாழும் மெர்சோ என்ற பிரெஞ்சு இளைஞன், தாயின் சவ அடக்கத்தில் அழவில்லை. பிறகொருநாள் கடற்கரையில், சுடும் வெயிலில், அராபியன் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். முதலில் ஒரு குண்டு. பிறகு கிடந்த உடலின்மேல் நான்கு. வழக்கு நடக்கிறது. தாய்க்கு அழாத குற்றமே பெரிதாகப் பேசப்பட்டு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. சமூகத்தின் பொய்ம்மையை இவ்வளவு தெளிந்த நடையில் தோலுரித்த நூல் அரிது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் செத்தவன் யார்? நாவல் முழுதும் அவன் ‘அராபியன்’. அவனுக்குப் பெயரில்லை. தாய் இல்லை. நீதிமன்றத்தில் அவனுக்காகச் சாட்சி சொல்ல ஓர் அராபியனும் வரவில்லை. தாய்க்கு அழாதவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் நூலில், செத்தவனுக்கு அழுதவர் எவர் என்று ஒரு வரி இல்லை. அன்றைய அல்ஜீரியாவில் அராபியனைக் கொன்ற பிரெஞ்சுக்காரன் தூக்குமேடை ஏறுவது நடவாத செயல் என்பதையும் திறனாய்வாளர் சுட்டிக் காட்டியுள்ளனர். அநீதியைச் சாட எழுந்த கதை, அங்கே இல்லாத ஒரு நீதியை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது.

காம்யு கல்நெஞ்சர் அல்லர். ஏழைத் தாயின் மகன். 1939-இல் கபிலியா மக்களின் பசியைப் பற்றி அல்ஜியர்சின் நாளிதழ் ஒன்றில் தொடர்ந்து எழுதி ஆட்சியைக் கலங்கடித்தவர். அதனால்தான் நம் கேள்வி கூர்மையாகிறது. பசித்தவனைக் கண்ட கண், செத்தவனை ஏன் காணவில்லை? 1947-இல் அவர் எழுதிய ‘கொள்ளைநோய்’ நாவலின் களம் ஓரான் நகரம். அராபியரின் வாழ்க்கை நிலையை ஆராய வந்த செய்தியாளன் ஒருவன் அதன் தொடக்கத்தில் தோன்றுகிறான். பிறகு அந்த ஆராய்ச்சி மறைந்துபோகிறது. அராபியரும் மறைந்து போகின்றனர். ஊரெங்கும் மரணம், ஊருக்குரியவன் மட்டும் இல்லை!

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கதை சொல்பவன் மெர்சோ. பிறரைப் பற்றிக் கவலையற்றவன். அவன் கண்ணுக்கு அராபியன் பெயரற்றவனாகத் தோன்றுவது அவன் குறை. ஆசிரியர் அக்குறையைத்தான் காட்டுகிறார் என்பர். வலுவான வாதந்தான். அப்படியானால் நாம் கேட்கிறோம்: குறையைக் காட்டுவது ஆசிரியர் நோக்கம் என்றால், பல ஆண்டுகள் உலகெங்கும் அந்நூலைப் படித்துப் பாராட்டிய வாசகரில் எத்தனை பேர் செத்தவன் பெயரைக் கேட்டனர்? வாழ்வின் பொருளின்மையைப் பேசினர், வெயிலைப் பேசினர், நடையைப் பேசினர். பிணத்தைத் தாண்டித் தாண்டி நடந்து நூலின் அழகைப் போற்றினர். கேட்கத் தோன்றாதபடி அந்நூல் அவர்களைப் பழக்கிற்று. எழுதினவன் நெஞ்சில் வெறுப்பு வேண்டுவதில்லை, பெயரில்லாமையே போதும்.

1945 மே 8-ஆம் நாளை இதனோடு வைத்துப் பாருங்கள். இட்லர் வீழ்ந்ததை ஐரோப்பா கொண்டாடிய நாள். அன்று அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் விடுதலைக் கொடி ஏந்தி ஊர்வலம் வந்தவர்மீது சுடப்பட்டது, கலகம் மூண்டது, ஐரோப்பியர் சுமார் 100 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழியாகச் செத்தீஃப், குவெல்மா, கெராத்தா பகுதிகளில் பல வாரங்கள் நடந்த வேட்டையில் மாண்ட அல்ஜீரியர் எத்தனை பேர்? அல்ஜீரியா 45,000 என்கிறது. வரலாற்றாசிரியர் பல ஆயிரம் முதல் பதினாயிரக் கணக்குவரை கூறுகின்றனர். ஐரோப்பியப் பிணங்கள் எண்ணப்பட்டன; அல்ஜீரியப் பிணங்களை எண்ணுவோர் இல்லை. நாவலில் பெயரில்லாதவன், வரலாற்றில் எண்ணில்லாதவன் ஆனான்.

2013-இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவூத் ஒரு நாவல் எழுதினார். செத்த அராபியனின் தம்பி அதில் பேசுகிறான். அண்ணனுக்குப் பெயர் இருந்தது என்கிறான்: மூசா. எழுபது ஆண்டுக்குப் பின் ஒரு பிணத்துக்குப் பெயர் கிடைத்தது! அந்நாவல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. விடுதலை கிடைத்த 1962-ஆம் ஆண்டுக் கோடையில் அத்தம்பி ஒரு பிரெஞ்சுக்காரனைக் கொன்றுவிடுகிறான். அவனை விசாரிக்கும் அதிகாரிக்கு, கொன்றதைப் பற்றி வருத்தமில்லை. விடுதலைக்கு முன்னமே ஏன் கொல்லவில்லை என்பதே குறை. சாட்டை கைமாறலாம், மனம் மாறாவிட்டால் என்ன பயன் என்று தன் மக்களையே கேட்கும் துணிவு அந்நூலுக்கு உண்டு.

திரும்பி வந்த சாட்டை

அடிமைப்பட்டவனுக்கு மட்டுமா கேடு? மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர், குடியேற்ற ஆட்சியைப் பற்றிய தம் உரைநூலை 1950-இல் வெளியிட்டார். அதில் அவர் நாட்டும் உண்மை கசப்பானது. அராபியருக்கும் இந்தியக் கூலிகளுக்கும் ஆப்பிரிக்கருக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த கொடுமையை இட்லர் வெள்ளையர்மீதே ஏவினான். அதைத்தான் ஐரோப்பாவால் மன்னிக்க முடியவில்லை என்கிறார். பிறனை விலங்காக நடத்தப் பழகியவன் தானும் விலங்காகிறான் என்பது அவர் முடிபு.

அம்முடிபுக்குச் சான்று தேடிச் செல்ல வேண்டியதில்லை. 1957-இல் அல்ஜியர்சின் காவல்துறைச் செயலாளராக இருந்தவர் போல் தேத்ழென். நாஜிகளின் சித்திரவதைக்கு ஆளாகி, தக்காவ் முகாமில் அடைபட்டு மீண்டவர். தம் அரசின் சிறைகளில் கிடந்த அல்ஜீரியரின் உடலைக் கண்டதும், தம் உடலில் நாஜிகள் இழைத்த அதே தழும்புகளை அங்கே அடையாளம் கண்டு பதவி விலகலைத் தெரிவித்தார். இக்கதை முழுவதிலும் ‘ஆயினும்’ என்று சொல்ல மறுத்த அதிகாரி அவர்.

பிளிதா மருத்துவமனையில் 1953 முதல் மனநோய் மருத்துவராக இருந்த பிரான்சு ஃபானோன், 1961-இல் வெளிவந்த தம் இறுதி நூலில் இன்னொருவரைக் காட்டுகிறார். பகலெல்லாம் கைதிகளை வதைக்கும் போலீசு அதிகாரி. இரவில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கிறார். மருத்துவரிடம் வருகிறார். எதற்காக? வதைப்பதை விடுவதற்காக அன்று. மனம் கலங்காமல் வதைப்பதற்கு மருந்து கேட்டு! அதே நூலில், தங்களோடு விளையாடிய ஐரோப்பியச் சிறுவனைக் கொன்ற இரண்டு அல்ஜீரியச் சிறுவர்களும் வருகின்றனர். ஃபானோனின் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டுவதில்லை. 1955 ஆகஸ்டில் பிலிப்வில் பகுதியில் ஐரோப்பியக் குடும்பங்கள் குழந்தைகளோடு வெட்டுண்டதை எந்த விடுதலைத் தத்துவமும் அழகாக்க முடியாது. ஆனால் அவர் வைத்த நோய்க்குறிப்பு பொய்யாகவில்லை. அவருக்கு முன் அல்ஜியர்சில் கோலோச்சிய போரோ என்னும் மருத்துவரும் அவர் சீடரும், வட ஆப்பிரிக்கன் பிறவியிலேயே மூர்க்கன், மூளை வளர்ச்சி குன்றியவன் என்று மருத்துவ நூலில் எழுதினர். மாணவர்க்குப் பாடமாகவும் சொன்னார்கள். தத்துவஞானி தொடங்கிய சொல்லுக்கு மருத்துவர் முத்திரையிட்டார். அந்த முத்திரை இருந்தால் சிப்பாயின் கை நடுங்குமா?

இன்று

ஆட்சி போயிற்று, சொல் போயிற்றா? எட்டாண்டு நடந்த அல்ஜீரியப் போரை, ‘போர்’ என்ற பெயரால் பிரெஞ்சுச் சட்டம் அழைக்க 1999 வரை ஆயிற்று. அதுவரை அதற்கு வழங்கிய பெயர் ஒழுங்கு காக்கும் நடவடிக்கை! 2005-இல் வந்த ஒரு சட்டம், கடல் கடந்த நாடுகளில் பிரான்சு ஆற்றிய நற்பணியைப் பள்ளிப் பாடங்கள் எடுத்துரைக்க வேண்டும் என்றது; எதிர்ப்பு எழவே மறு ஆண்டு அப்பகுதி நீக்கப்பட்டது. 1957-இல் பிடிக்கப்பட்டு மறைந்த இளங் கணித அறிஞர் மோரீஸ் ஓதேனின் சாவுக்கு அரசே பொறுப்பு என்பதைக் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டது 2018-இல். அதே 1957-இல் தற்கொலை செய்துகொண்டார் என்று அறிவிக்கப்பட்ட விடுதலைத் தலைவர் லார்பி பென் மிதி, பிரெஞ்சுப் படையினரால் கொல்லப்பட்டவர் என்று ஒப்புக்கொண்டது 2024-இல். ஒரு பெயருக்கு அறுபத்தோர் ஆண்டு. இன்னொரு பெயருக்கு அறுபத்தேழு ஆண்டு. பெயரே தெரியாதவர்க்கு எத்தனை ஆண்டு?

உண்மையை ஒப்புக்கொள்ள வைத்தவர் யார்? கணவனைத் தேடிய மனைவியர். ஏடுகளைப் புரட்டிய வரலாற்றாசிரியர். சிறையிலிருந்தே தம் வதையை எழுதி, 1958-இல் அச்சான நூல் பறிமுதலானபோதும் அஞ்சாத ஆன்ரி அலேக் போன்றோர். சொல்லால் வந்த கேட்டைச் சொல்லாலேயே எதிர்த்தவர்கள் இவர்கள்.

ஆதலின், திறனாய்வு என்பது நடையழகை அளக்கும் முழக்கோல் மட்டுமன்று. எந்த நூலை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் படிப்போம். இதில் பெயரின்றிச் சாகிறவன் யார்? யாரை யார் குழந்தை என்று சொல்கிறார்? எந்த இடத்தில் ‘ஆயினும்’ வருகிறது? பிரெஞ்சு நூலுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல இவை. நாம் தலைமுறை தலைமுறையாகக் காது குளிரக் கேட்ட கதைகளிலும் பெயரின்றி மாண்டவர் உண்டு. அவர்களைத் தாண்டி நடந்து அழகைப் போற்றிய பழக்கம் நமக்கும் உண்டு.

பெயரைக் கேட்போம். கேட்கத் தொடங்கிய நாட்டில் சாட்டை எளிதில் எழுவதில்லை.